ஏழு திருட்டு, ஒரு ராத்திரி: கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2014

2014 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் காஃப்மன் ஸ்டேடியத்தில் பேஸ்பால் பார்க்க 40,502 பேர். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் எட்டாவதில் ராயல்ஸ் பேட்டிங்குக்கு வந்தபோது ஸ்கோர்: ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் 7, கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 3. கையில் மிச்சம் ஆறு அவுட். ஐபிஎல் எலிமினேட்டர் மாதிரி ஒரே ஆட்டம்; தோற்றவர் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இழுத்த அந்த ஆட்டத்தை 12-வது இன்னிங்ஸில் 9-8 என்று ராயல்ஸ் ஜெயித்தது.

பேஸ்பால் ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசினால் 'அதிசயம்' என்ற சொல்லைத் தாண்டுவதில்லை. சந்தோஷத்தில் மிதப்பவரிடம் கணக்குக் கேட்பது பாவம்தான். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். இன்னிங்ஸ் வாரியாகப் பிரித்துப் போட்டால், அதிர்ஷ்டம் என்று ஒதுக்க வேண்டியவை நாலைந்து பந்துகள்தான் தேறும். மற்றதெல்லாம் ஓடத் தெரிந்த ஓர் அணி, ஓடுபவரைக் கட்டிப்போட முடியாத ஒரு பிட்சர் (பந்து எறிபவர்), முதல் இன்னிங்ஸிலேயே அடிபட்ட ஒரு கட்டைவிரல் ஆகிய மூன்றும் ஒரே ராத்திரியில் சேர்ந்ததால் வந்தது. அந்த ஊரின் மகிழ்ச்சி அத்தனை பெரிதாக இருந்ததற்கும் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

காத்திருப்பு

ராயல்ஸ் 1985-ல் உலகத் தொடரை, அதாவது லீக்கின் இறுதிக் கோப்பையை, வென்றது. அதன்பிறகு 29 ஆண்டுகள் ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. வட அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டு லீக்குகளில் அப்போது இதைவிட நீண்ட காத்திருப்பு வேறு எந்த அணிக்கும் இல்லை. நடுவில் 2002, 2004, 2005, 2006 என நான்கு சீசன்களில் 162 ஆட்டங்களுக்கு 100 அல்லது அதற்கு மேல் தோல்வி. 2005-ல் 106 தோல்வி. அதில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 19. அந்த வருஷங்களில் டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தவர்களை ரசிகர்கள் என்பதைவிட விரதக்காரர்கள் என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்ட ரசிகர் ஒருவர் தென்கொரியாவின் சியோலில் இருந்தார். கான்சஸ் சிட்டி மண்ணை மிதிக்காமலேயே, 1990-களிலிருந்து தூரத்திலிருந்தபடி இந்த அணியைத் தொடர்ந்து வந்தவர். 2014 ஆகஸ்டில் முதல்முறையாகக் கான்சஸ் சிட்டிக்கு வந்தார். ஊரே அவரை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டது. முதல் பந்தைச் சம்பிரதாயமாக எறியும் மரியாதையும் கிடைத்தது. அன்று, ஆகஸ்ட் 11-ம் தேதி, ராயல்ஸ் 3-2 என்று ஜெயித்துப் பிரிவில் முதலிடத்துக்கு ஏறியது. தோற்றது இதே ஓக்லாண்ட். மூன்று வாரம் முன்பு வரை அணியின் நிலை 48 வெற்றி, 50 தோல்வி. மிச்சமிருந்த 64 ஆட்டங்களில் 41 வெற்றி. மொத்தம் 89. டெட்ராய்ட் 90 எடுத்துப் பிரிவைப் பிடித்துக்கொள்ள, ராயல்ஸுக்கு வைல்ட் கார்டு ஆட்டம், பிரிவை வெல்லாத அணிகளுக்கான கடைசி வாய்ப்பு, வாய்த்தது. ஓக்லாண்டைவிட ஒரே ஒரு வெற்றி கூடுதல் என்பதால் அது சொந்த மைதானத்தில் நடந்தது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காஃப்மனுக்குப் பக்கத்திலேயே அதே வளாகத்தில் ஏரோஹெட் என்ற அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியம் இருக்கிறது. முந்தைய நாள் ராத்திரி அங்கே சீஃப்ஸ் அணியின் ரசிகர்கள் 142.2 டெசிபல் கூச்சலிட்டு கின்னஸ் சாதனை செய்திருந்தார்கள். தொண்டை கட்டிப்போன ஊர்தான் மறுநாள் பேஸ்பாலுக்கு வந்தது.

ஹோம்ரன் இல்லாத அணி

அந்த சீசனில் ராயல்ஸ் அடித்த ஹோம்ரன், அதாவது சுவரைத் தாண்டிய அடி, 95. முப்பது அணிகளில் கடைசி. நான்கு தவறான பந்துகளுக்கு இலவசமாக முதல் பேஸுக்குப் போகும் 'வாக்' 380, அதிலும் கடைசி. இரண்டையும் மட்டும் பார்க்கிறவர் இந்த அணி எப்படி 89 ஜெயித்தது என்று தலையைச் சொறிவார். பதில் வேறு இரண்டு எண்களில் இருக்கிறது. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்டாகும் ஸ்ட்ரைக்அவுட் 985, லீக்கிலேயே குறைவு. பேட்டர் அடிப்பதற்குக் காத்திராமல், பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு; அப்படித் திருடிய பேஸ்கள் 153, லீக்கிலேயே அதிகம். பந்தைத் தொட்டுவிடுவார்கள், தொட்டபின் ஓடுவார்கள்.

இது கொள்கைப் பிடிப்பால் வந்ததல்ல, மைதானத்தால் வந்தது. அந்த வருஷங்களில் காஃப்மனில் நடுத் திசையில் சுவர் 410 அடி தள்ளி. இடைவெளித் திசைகளில் 387 அடி. அங்கே ஹோம்ரன் அடிப்பவருக்குப் பணத்தைக் கொட்டுவது வீண். அந்தப் பரப்பை ஓடி மூடத் தெரிந்த அவுட்ஃபீல்டர்கள்தான் தேவை. இடப்பக்கம் அலெக்ஸ் கோர்டன், நடுவில் லொரென்சோ கெய்ன், அவருக்கு மாற்றாக ஜாரட் டைசன். ஃபீல்டிங்குக்காகச் சேர்த்த கால்களே பேஸ் திருடவும் உதவின.

2006-ல் பொது மேலாளராக வந்த டேட்டன் மூர் இந்த அணியைக் கட்ட எட்டு வருஷம் எடுத்துக்கொண்டார். இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், தோற்ற வருஷங்களின் பலனாகக் கிடைத்த உயர்ந்த இடங்களில் 2007-ல் மைக் முஸ்டாகஸ், 2008-ல் எரிக் ஹாஸ்மர். கோர்டன் அதற்கும் முன்பே, 2005-ல். 2010 டிசம்பரில் சாக் கிரெய்ங்கி என்ற நட்சத்திரப் பிட்சரை மில்வாக்கிக்கு விற்று கெய்னையும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஃபீல்டிங் செய்பவர்) அல்சிடெஸ் எஸ்கோபாரையும் வாங்கினார். 2012 டிசம்பரில் எதிர்கால நம்பிக்கையாகக் கருதப்பட்ட வில் மையர்ஸை டாம்பா பேவுக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் இருவரையும் கொண்டுவந்தபோது கிடைத்த திட்டு கொஞ்சமல்ல. மறுவருஷமே மையர்ஸ் சிறந்த புதுமுகம் விருது வாங்கியதும் திட்டு இரட்டிப்பானது. டேவிஸ் முதலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக, அதாவது ஸ்டார்ட்டராகச் சொதப்பி, 2014-ல் பிற்பாடு இறங்கும் மாற்று பிட்சர்கள் கூட்டமான புல்பென்னுக்கு மாற்றப்பட்டார். அந்த சீசனில் அவருடைய ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்) சரியாக 1.00. ஏழாவது இன்னிங்ஸுக்கு கெல்வின் ஹெரெரா, 1.41. ஒன்பதாவதுக்கு கிரெக் ஹாலண்ட், 1.44. ஹெரெராவும் டேவிஸும் சீசன் முழுக்க ஒரு ஹோம்ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆறு இன்னிங்ஸ் முடிவில் ஒரு ரன் முன்னிலை இருந்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பூட்டிவிடுவார்கள் என்பதே மொத்தத் திட்டம்.

செப்டம்பர் 30 அன்று அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஆறாவது இன்னிங்ஸிலேயே சிதறியது.

ஓக்லாண்ட் செய்திருந்த செலவு

எதிர் அணியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜூலையில் பேஸ்பாலின் சிறந்த வெற்றிக் கணக்கு ஓக்லாண்டினுடையது. உலகத் தொடருக்கு இந்த வருஷம்தான் வாய்ப்பு என்று முடிவு செய்து, ஜூலை தொடக்கத்தில் அடிசன் ரஸல் என்ற இளைஞரைக் கொடுத்து ஜெஃப் சமார்ஜா, ஜேசன் ஹேமல் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கினார்கள். மாதக் கடைசியில் தங்கள் பெரிய பேட்டர் யோனிஸ் செஸ்பெடஸைப் பாஸ்டனுக்குக் கொடுத்து ஜான் லெஸ்டரையும் ஜானி கோம்ஸையும் எடுத்தார்கள். அதே நாளில் சாம் ஃபுல்டும் வந்தார். பிறகு அணி சரிந்து, கடைசி நாளில்தான் ப்ளேஆஃப் இடத்தை உறுதி செய்தது. இந்த நான்கு பெயர்களை, லெஸ்டர், கோம்ஸ், ஃபுல்ட், ஹேமல், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ராத்திரிக்காக இவர்களை வாங்கினார்களோ அந்த ராத்திரியின் திருப்பங்களில் நால்வரும் இருந்தார்கள்.

லெஸ்டர் அந்த சீசனில் 2.46 ஈஆர்ஏ வைத்திருந்த இடது கைப் பிட்சர். 2008-ல் இதே ராயல்ஸுக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர். வேண்டாவிருந்தாளி.

விநாடிக் கணக்கு

பேஸ் திருட்டு ஒரு கழித்தல் கணக்கு. பிட்சர் அசையத் தொடங்கிப் பந்து, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் கையில் விழ சுமார் 1.3 விநாடி. கேட்சர் அதைப் பிடித்து, எழுந்து, 38.8 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க இன்னும் 2 விநாடி. மொத்தம் 3.3. பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 90 அடி. அதில் 11, 12 அடியை ஓடுபவர் பந்து எறியப்படும் முன்பே நகர்ந்து எடுத்துக்கொள்வார். மிச்சத்தை டைசன் மாதிரி ஆள் அதே 3.3 விநாடிக்குள் முடித்துவிடுவார். ஆகவே எல்லாம் பத்தில் ஒரு பங்கு விநாடி, ஒரு அடி முன்னே பின்னே என்ற அளவில்தான் தீர்மானமாகிறது.

அந்த ஒரு அடியைத் தடுக்கப் பிட்சரிடம் இருக்கும் முதல் ஆயுதம், முதல் பேஸுக்குத் திடீரென்று பந்தை எறிவது. ஆள் அவுட்டாக வேண்டும் என்றில்லை. எறிவார் என்ற பயம் இருந்தாலே ஓடுபவர் ஒரு காலை பேஸ் பக்கமே வைத்திருப்பார். முதல் பேஸை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கும் இடது கைக்காரருக்கு இது பிறவி வரம். லெஸ்டருக்கோ அது வராது. 2014 சீசன் முழுவதும் அவர் முதல் பேஸுக்கு ஒரு தடவைகூட எறியவில்லை. பந்தைக் கையில் வைத்தபடி முறைத்துப் பார்த்தும், பேட்டர் நிற்கும் ப்ளேட்டுக்கு வேகமாக எறிந்தும், பலம் வாய்ந்த கேட்சரை நம்பியும் சமாளித்து வந்தார்.

ஓக்லாண்ட் மேனேஜர் பாப் மெல்வினுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் அன்று வழக்கமான டெரெக் நாரிஸை உட்காரவைத்துவிட்டு, எறியும் கை நன்றாக இருந்த ஜெவானி சோட்டோவைக் கேட்சராக இறக்கினார். முதல் இன்னிங்ஸில் ராயல்ஸ் ஒரு குளறுபடி செய்தது. முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் பில்லி பட்லர் மாட்டிக்கொள்ள, மூன்றாம் பேஸிலிருந்து ஹாஸ்மர் ரன் எடுக்க ப்ளேட்டுக்குப் பாய்ந்து அவுட்டானார். அந்த நேரத்தில் அசட்டுத்தனமாகத் தெரிந்த ஓட்டம் அது. ஆனால் அந்த மோதலில் சோட்டோவின் இடது கட்டைவிரல் அடிபட்டது. சீக்கிரமே அவர் வெளியேற, நாரிஸ் உள்ளே வந்தார். மெல்வின் கவனமாகப் போட்ட பூட்டின் சாவி அப்போதே தொலைந்துவிட்டது. அந்த ஆட்டத்தின் ஆகப்பெரிய அதிர்ஷ்டம் எது என்று கேட்டால், கடைசியில் வந்த எந்த ஹிட்டும் இல்லை, இதுதான்.

ஒரே ஆட்டம் என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அந்த ஒரு நாளுக்கென்று தனியாக 25 பேர் பட்டியல் கொடுக்கலாம். ஐந்து ஸ்டார்ட்டர்கள் தேவையில்லை. காலியாகும் இடத்தில், மட்டையை அதிகம் தொடாத, ஓடுவதற்கென்றே ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். ராயல்ஸ் டெரன்ஸ் கோரை வைத்தது. ஒரு மாதம் முன்புதான் பெரிய லீக்குக்கு வந்தவர்.

ஆறாவது இன்னிங்ஸ்: மேனேஜர் வாங்கிய வசவு

பிரான்டன் மாஸ் முதல் இன்னிங்ஸில் ஒரு ஹோம்ரன் அடித்து ஓக்லாண்டுக்கு இரண்டு ரன் கொடுத்தார். ராயல்ஸ் ஒன்றைத் திருப்பியது. மூன்றாவது இன்னிங்ஸில் கெய்ன், ஹாஸ்மர் அடித்த பந்துகளில் 3-2 என்று முன்னேறியது. ஆறாவதில் ஷீல்ட்ஸ் இருவரைப் பேஸுக்கு விட்டதும் மேனேஜர் நெட் யோஸ்ட் எழுந்து வந்தார். வரவேண்டியவர் ஹெரெரா. யோஸ்ட் கூப்பிட்டதோ யோர்டானோ வென்டூராவை. இருபத்துச் சொச்சம் வயசு, மணிக்கு 100 மைலைத் தொடும் வேகம். ஆனால் ஸ்டார்ட்டர், நடு இன்னிங்ஸில், ஆட்கள் பேஸில் நிற்கும்போது உள்ளே வந்து பழக்கமில்லை. இரண்டு நாள் முன்புதான் ஓர் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார். மாஸ் மறுபடியும் ஹோம்ரன், இந்த முறை மூன்று ரன். இன்னும் இரண்டு ரன் சேர்ந்து 7-3. மைதானமே யோஸ்ட்டைப் பார்த்துக் கூவியது.

இந்த முடிவைப் பிற்பாடு வெற்றியைக் காட்டி நியாயப்படுத்தியவர்கள் உண்டு. நியாயப்படுத்த முடியாது. சீசன் முழுக்க ஒரு ஹோம்ரன்கூடக் கொடுக்காத ஆள் தயாராக இருக்கும்போது, ஹோம்ரன் மட்டுமே ஆபத்தான சூழலில் வேறு ஆளை அழைத்தது தப்பான கணக்கு. ராயல்ஸ் அன்று ஓக்லாண்டை மட்டுமல்ல, தன் மேனேஜரையும் சேர்த்தே ஜெயித்தது.

எட்டும் ஒன்பதும்

எட்டாவது இன்னிங்ஸ். எஸ்கோபார் ஒரு சிங்கிள், அதாவது முதல் பேஸ்வரை போக உதவும் அடி. உடனே இரண்டாம் பேஸைத் திருடினார். அடுத்து வந்த நோரி அவுக்கி தரைப்பந்தில் அவுட்டானாலும், எஸ்கோபார் மூன்றாவதுக்குப் போனார். கெய்ன் சிங்கிள்: 7-4. கெய்னும் இரண்டாம் பேஸைத் திருடினார். ஹாஸ்மருக்கு வாக். லெஸ்டர் வெளியே, லூக் கிரெகர்சன் உள்ளே. பட்லர் சிங்கிள்: 7-5. பட்லர் அணியிலேயே மெதுவாக ஓடுபவர்களில் ஒருவர், எனவே அவருக்குப் பதிலாகக் கோர் வந்து நின்றார். இவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது பிட்சருக்குத் தெரியும், கேட்சருக்குத் தெரியும், மேல் தட்டில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கும் தெரியும். திருடினார். அடுத்து ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓட, ஹாஸ்மர் உள்ளே வந்தார்: 7-6. கோர்டனுக்கு வாக், அவரும் திருடினார். ஒரே இன்னிங்ஸில் நாலு திருட்டு.

இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆள் நிற்க, ஒரே அவுட். சமன் செய்ய உயரமாக ஒரு ஃப்ளை போதும்; அது பிடிபட்டாலும் மூன்றாம் பேஸ்காரர் ஓடிவந்துவிடலாம். சால்வடோர் பெரெஸ் வெளியே போன பந்துகளைத் துரத்தி ஸ்ட்ரைக்அவுட். ஒமர் இன்ஃபாண்டேயும் ஸ்ட்ரைக்அவுட். லீக்கிலேயே குறைவாக ஸ்ட்ரைக்அவுட் ஆகும் அணி, ஆகவே கூடாத இடத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை ஆனது. ரசிகர்கள் தலையில் கை வைத்த கணம் இது. பெரெஸின் பெயரை அந்த நிமிஷத்தில் வாழ்த்தியவர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஒன்பதாவதில் ஆட்டத்தை முடித்துவைக்க ஓக்லாண்டின் க்ளோசர் ஷான் டூலிட்டில். முஸ்டாகஸுக்குப் பதிலாக வந்த ஜாஷ் வில்லிங்ஹாம் மட்டையில் சரியாகப் படாத ஒரு பந்தை வலப்பக்கம் கவிழ்த்தார், சிங்கிள். அவருக்குப் பதிலாக ஓட டைசன். எஸ்கோபார் பண்ட் செய்து, அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி, டைசனை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஒரு அவுட் போனது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய லீக்கின் நீண்டகாலக் கணக்குப்படி, அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் குறைந்தது ஒரு ரன் வரும் வாய்ப்பு 100-க்கு 43 போல. ஒரு அவுட்டோடு இரண்டாம் பேஸில் இருந்தால் 40 போல. அதாவது பண்ட் எதையும் கூட்டவில்லை, கொஞ்சம் குறைத்தது. ஒரு அவுட்டோடு மூன்றாம் பேஸில் ஆள் இருந்தால் அதே வாய்ப்பு 65-க்குப் போகிறது. டைசன் மூன்றாம் பேஸைத் திருடினார். அவுக்கி இடது கை பேட்டர் என்பதால் நாரிஸின் எறிவுக்கு எதிரே தடை இல்லை. அப்படியும் பந்து தாமதமாகத்தான் வந்தது. எழுந்து நின்ற டைசன் மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவதுபோல் கையைக் காட்டினார். அடுத்து அவுக்கி வலப்பக்கம் ஆழமாக ஒரு ஃப்ளை அடிக்க, பந்து பிடிபட்ட பிறகு டைசன் நடந்தேகூட வந்திருக்கலாம். 7-7. இந்த ரன்னுக்காகப் பண்ட்டைப் புகழ்பவர்கள் ஆளை மாற்றிப் புகழ்கிறார்கள்.

பன்னிரண்டாவது

பத்தாவதிலிருந்து ராயல்ஸுக்குப் பந்து எறிந்தவர் 21 வயது பிரான்டன் ஃபின்னகன். நான்கு மாதம் முன்பு, ஜூனில், கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். இரண்டு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாவதில் ஜாஷ் ரெட்டிக்குக்கு ஒரு வாக். பண்ட்டில் அவர் இரண்டாவதுக்குப் போனார். அடுத்து வந்த ஜேசன் ஃபிரேசரின் ஒரு பந்து கேட்சரைத் தாண்ட, மூன்றாவதுக்கு. அல்பர்ட்டோ காயாஸ்போவின் சிங்கிளில் ஓக்லாண்ட் 8-7.

ராயல்ஸ் பக்கம் கெய்ன் அவுட். ஹாஸ்மர் இடது-நடுத் திசையில் சுவர்வரை ஒரு பந்தை அடித்தார். அதைத் துரத்தி ஓடிய ஃபுல்டும் கோம்ஸும் சுவரடியில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். இருவரும் ஜூலை 31-ல் வாங்கப்பட்டவர்கள். பந்து கீழே விழ, ஹாஸ்மர் மூன்றாம் பேஸில். கிறிஸ்டியன் கொலோன் தரையில் குத்தி உயரே எழும்பிய ஒரு பந்தைத் தட்டினார். அது இறங்கி வருவதற்குள் ஹாஸ்மர் வந்துவிட்டார். 8-8. கோர்டன் அவுட். இரண்டு அவுட், முதல் பேஸில் கொலோன். இப்போது ஹேமல்.

கொலோன் ஓடப்போகிறார் என்று ஓக்லாண்ட் சரியாக ஊகித்தது. வேண்டுமென்றே வெளியே எறிந்து கேட்சருக்கு வசதி செய்யும் பிட்ச்அவுட்டைக் கேட்டது. ஊகம் பலித்தும் பந்து நாரிஸின் கிளவுஸில் நிற்கவில்லை. கொலோன் இரண்டாம் பேஸில். அன்றைய ஏழாவது திருட்டு அது, ஏழும் ஏழு வெவ்வேறு ஆட்கள். ஒரு ப்ளேஆஃப் ஆட்டத்தில் ஏழு திருட்டு அதற்கு முன் 1907-ல் சிகாகோ கப்ஸும் 1975-ல் சின்சினாட்டி ரெட்ஸும் மட்டுமே செய்தது.

எதிரே பெரெஸ். அதுவரை ஐந்து முறை வந்து ஐந்து முறையும் அவுட். ஹேமல் எறிந்த ஸ்லைடர், பக்கவாட்டில் வளையும் பந்து, ப்ளேட்டுக்கு நன்றாக வெளியே போனது. எட்டாவதில் எந்தக் கெட்ட பழக்கம் அவரைக் கவிழ்த்ததோ அதே பழக்கத்தில் கையை எட்டி நீட்டி அடித்தார். பந்து, மூன்றாம் பேஸிலிருந்து பாய்ந்த ஓக்லாண்டின் ஜாஷ் டொனால்ட்சனின் கிளவுஸுக்கும் இடப்பக்கக் கோட்டுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் புகுந்து போனது. கொலோன் முதல் பேஸிலேயே நின்றிருந்தால் இது ரன்னாகியிருக்காது.

கூச்சலின் உள்ளே

ஹோம்ரன் தரும் மகிழ்ச்சி சொல்லாமல் வரும். ஒரு சத்தம், எல்லாரும் எழுவார்கள், முடிந்தது. பேஸ் திருட்டு அப்படியில்லை. ஓட்டக்காரர் மாற்றாக இறங்கும்போதே கூட்டம் எழுந்து நிற்கிறது. அவர் ஒரு அடி நகர்கிறார், பிட்சர் முறைக்கிறார், இன்னும் அரை அடி. நாற்பதாயிரம் பேரும் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அது நடக்கும்வரை மூச்சைப் பிடித்திருக்கிறார்கள். இது அன்று ஏழு முறை நடந்தது. முதல் இன்னிங்ஸ் குளறுபடி நீங்கலாக எல்லாம் பலித்தது. 29 வருஷம் 'ஏதாவது தப்பாகும்' என்றே பழகிப்போன கூட்டத்துக்கு, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடப்பதைவிடப் பெரிய போதை கிடையாது. தாங்கள் கத்தியதால்தான் லெஸ்டர் தடுமாறினார் என்று அங்கிருந்த ரசிகர் நம்பினால், அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இது வாங்கிய வெற்றி இல்லை. ஹாஸ்மர், முஸ்டாகஸ், கோர்டன், பெரெஸ் எல்லோரும் அந்த ஊர் நிர்வாகம் இளவயதில் எடுத்து வளர்த்தவர்கள். மைனர் லீக்கிலிருந்து இவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே ரசிகர்கள் தோல்விகளைத் தின்று ஜீரணித்திருந்தார்கள். ஊரில் நீரூற்றுகள் அதிகம். அக்டோபரில் அவற்றில் நீலச் சாயம் கலந்து ஓடவிட்டார்கள். அடுத்த சுற்றை வென்ற ராத்திரி ஹாஸ்மர் நகரின் நடுவிலிருந்த ஒரு மதுக்கூடத்துக்கு ரசிகர்களைக் கூப்பிட்டு, ஆட்டக்காரர்கள் செலவில் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் ஊற்றச் சொன்னார்.

அதன் பிறகு

அந்த அடுத்த சுற்று லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். 98 வெற்றி, அந்த வருஷம் லீக்கிலேயே முதலிடம். மூன்று ஆட்டம், மூன்றிலும் ராயல்ஸ். அதில் முதல் இரண்டும் 11-வது இன்னிங்ஸில் ஹோம்ரனால் தீர்மானமாயின: முதலில் முஸ்டாகஸ், பிறகு ஹாஸ்மர். ஹோம்ரனில் கடைசி இடத்து அணிக்கு அக்டோபரில் வந்த குசும்பு அது. பிறகு பால்டிமோர், நான்குக்கு நான்கு. கடைசி இரண்டு ஆட்டங்களும் 2-1; அங்கேதான் ஹெரெரா, டேவிஸ், ஹாலண்ட் பூட்டு முழுதாக வேலை செய்தது. ஒரு ப்ளேஆஃபின் தொடக்கத்தில் தொடர்ந்து எட்டு வெற்றி, அதுவரை யாரும் செய்யாதது.

உலகத் தொடரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் ஏழாவது ஆட்டம்வரை போய் 3-2 என்று தோற்றது. இரண்டு நாள் ஓய்வோடு வந்த மேடிசன் பம்கார்னர் கடைசி ஐந்து இன்னிங்ஸில் ரன்னே கொடுக்கவில்லை. ஒன்பதாவதில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு கோர்டன் அடித்த பந்தை ஜயன்ட்ஸ் அவுட்ஃபீல்டில் தவறவிட, அவர் மூன்றாம் பேஸ்வரை ஓடினார். அங்கே பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். ஓடவிட்டிருக்கலாமா என்று கான்சஸ் சிட்டி மாதக்கணக்கில் சண்டை போட்டது. பந்து ஷார்ட்ஸ்டாப் பிரான்டன் கிராஃபோர்டின் கையில் ஏற்கெனவே வந்துவிட்டது, அவர் எறியும் கை பலமானது. நிறுத்தியது சரிதான். அடுத்து வந்த பெரெஸ் அடித்த பந்து உயரே எழும்பிப் பிடிபட்டது. 2015-ல் அதே அணி நியூயார்க் மெட்ஸை ஐந்து ஆட்டத்தில் வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. கடைசி ஆட்டமும் 12 இன்னிங்ஸ். முன்னிலை ரன்னை அடித்தவர் கொலோன், அந்த ப்ளேஆஃபில் அவருக்கு அதுதான் முதல் பேட்டிங். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பெரெஸ்.

மற்ற அணிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது புல்பென்னை மட்டும். ஏழாவது இன்னிங்ஸிலிருந்தே பூட்டும் மூவரைத் தேடிப் பணத்தைக் கொட்டினார்கள். ஓட்டத்தை யாரும் சீண்டவில்லை. நான்கு முயற்சியில் குறைந்தது மூன்று பலிக்கவில்லை என்றால் நஷ்டம் என்ற கணக்கு அவர்களைத் தடுத்தது. 2022-ல் ஒற்றை ஆட்ட வைல்ட் கார்டு முறை எடுக்கப்பட்டு, மூன்று ஆட்டத் தொடர் வந்தது. ஓடுவதற்கென்றே ஒருவருக்கு இடம் ஒதுக்குவது அதனால் கடினமானது. 2023-ல் பேஸின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைக்கு மேல் பிட்சர் பேஸுக்கு எறிவதற்கும் கட்டுப்பாடு வந்தது. லீக் முழுவதும் திருட்டு 2,486-லிருந்து ஒரே வருஷத்தில் 3,503-க்குத் தாவியது. லெஸ்டர் அதற்கு முந்தைய வருஷத் தொடக்கத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.